ஒரு தடவைக்கு எத்தனை? குண்டு வார்ப்பதிலும் தோட்டா அடைப்பதிலும் பேட்ச் அளவு: முழுமையான வழிகாட்டி

ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, சுட்ட பித்தளைக் கூடுகளில் மறுபடி பிரைமரும் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் போட்டுத் தோட்டா அடைப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே வரும் கேள்வி இது. ஒரே உட்காரலில் 50 செய்வதா, 500 செய்வதா? பெரும்பாலும் இதற்கு வேகத்தை வைத்துப் பதில் சொல்கிறார்கள். இந்த பிரஸ்ஸில் (தோட்டா அடைக்கும் கைப்பிடி இயந்திரம்) மணிக்கு இத்தனை வரும், அந்த அச்சில் மணிக்கு அத்தனை விழும் என்று.

நான் வேறு அளவுகோல் வைத்திருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு தப்பு ஒன்று தெரிய வந்தால், எத்தனையைச் சலிக்காமல் பிரித்துப் போடுவீர்கள்? அதுதான் உங்கள் பேட்ச். அதற்கு மேல் செய்தால், "ஒன்றிரண்டுதானே, மீதி சரியாகத்தான் இருக்கும்" என்று மனம் பேரம் பேசத் தொடங்கும். இந்த வேலையில் அந்தப் பேரத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

இப்படிப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். வேலை முழுக்க ஒரே பேட்ச் அளவு இருக்கவே முடியாது. உலோகக் கலவையில் தப்பு நடந்தால் மறுபடி உருக்கலாம். வார்த்த குண்டு சரியில்லை என்றால் பானைக்கே திரும்பிப் போகும், கொஞ்சம் நேரம்தான் நஷ்டம். மருந்து போட்டு மூடிய தோட்டாவோ அப்படி இல்லை. அதனால் கலவை பேட்ச் பெரிதாக இருக்கலாம், வார்ப்பு பேட்ச் நடுத்தரம், அடைக்கும் பேட்ச் சிறிது. பானையில் இருந்து பெட்டி வரை போகப் போக எண்ணிக்கை சுருங்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். வீட்டில் தோட்டா அடைப்பது சில நாடுகளில் சாதாரணப் பொழுதுபோக்கு, சில நாடுகளில் உரிமம் இல்லாமல் செய்தால் கடுமையான குற்றம். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லை என்றால் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்து எவ்வளவு என்பதை இங்கே எங்கும் சொல்லப் போவதில்லை. அதை மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டில் இருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

படி 1: கலவையைப் பெரிதாகச் செய்யுங்கள்

குண்டின் எடை, விட்டம், கடினம் மூன்றும் கலவையைப் பொறுத்தவை. சுத்த ஈயம், கடினத்தைக் குறிக்கும் பிரினெல் அளவில் சுமார் 5. 90 சதவீதம் ஈயம், 5 சதவீதம் வெள்ளீயம், 5 சதவீதம் ஆன்டிமனி கொண்ட, லைமன் எண் 2 என்று பெயர் பெற்ற கலவை சுமார் 15. அச்சகங்களில் இருந்து வந்த பழைய லைனோடைப் உலோகம் (84 ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம்) சுமார் 22. ஒரே அச்சில் ஊற்றினாலும், ஈயம் கூடுதலான கலவையில் குண்டு சற்றுக் கனமாகவும் சிறுத்தும் விழும். ஆன்டிமனி கூடினால் லேசாகவும் கொஞ்சம் பருத்தும் விழும். ஆகவே இந்த மாதம் ஒரு கலவை, அடுத்த மாதம் கிட்டத்தட்ட அதே கலவை என்று போனால், இரண்டு மாதமும் வெவ்வேறு குண்டுதான் வார்த்திருக்கிறீர்கள்.

இதற்கு வழி, ஒரு வருஷத்துக்குத் தேவையானதை ஒரே கலவையாகச் செய்து கட்டிகளாக ஊற்றி வைப்பது. கணக்கு எளிது. 150 கிரெயின் குண்டு ஒன்று 9.7 கிராம். ஆயிரம் குண்டுக்கு 10 கிலோ போதும். நாலாயிரம் வேண்டும் என்றால் 40 கிலோ.

ஆனால் வீட்டில் இருப்பது 9 கிலோ பானைதானே? சரி, ஐந்து பானையாகச் செய்யலாம். ஒவ்வொரு பானையிலும் 8 கிலோ உருக்கி, அரைக் கிலோ கட்டிகளாக ஊற்றி, கட்டியின் மேல் பானை எண்ணைக் குத்தி வையுங்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை. பானை 1, 2, 3, 4, 5 ஒவ்வொன்றில் இருந்தும் சம எண்ணிக்கையில் கட்டி எடுத்து மறுபடி சேர்த்து உருக்குங்கள். ஐந்து பானைக்கும் இடையில் இருந்த சின்னச் சின்ன வித்தியாசம் சராசரியாகிவிடும். மறுபடி உருக்க அலுப்பாக இருந்தால், வார்க்கும் நாளில் ஒவ்வொரு எண்ணில் இருந்தும் ஒரு கட்டி என்று கலந்து போட்டாலும் பலன் கிடைக்கும்.

கார்ச் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் பழைய எடைகளைச் சேகரித்து உருக்குபவர்கள் துத்தநாகத்தைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 420-இல்தான் உருகும். பானையை 370-ஐத் தாண்ட விடாமல் வைத்திருந்தால் துத்தநாக எடைகள் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போடலாம். தெரியாமல் உருகிக் கலந்துவிட்டால் உலோகம் கஞ்சி போலக் கெட்டியாகி, அச்சின் ஓரங்களில் ஓடாது. பெரிய கலவை பேட்சில் இருக்கும் ஒரே அபாயம் இதுதான். ஒரு பிடி துத்தநாகம் 40 கிலோவையும் கெடுத்துவிடும். அதனால் கண்டது கழியதை உருக்கிச் சுத்தம் செய்யும் பானை வேறு, கலவை செய்யும் பானை வேறு என்று வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: புது அச்சு என்றால் முதலில் 50 மட்டும்

புதிதாக வாங்கிய அச்சில் உற்சாகமாக ஆயிரம் வார்த்துவிட்டு, பிறகுதான் மைக்ரோமீட்டரை எடுப்பவர்கள் நிறைய. முதலில் ஐம்பது போதும். ஆறவிட்டு, பத்தை எடுத்து விட்டமும் எடையும் பாருங்கள். உங்கள் துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்களின் விட்டத்தைவிட 0.025 மில்லிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் எரியும் வாயு குண்டின் ஓரமாகக் கசிந்து ஈயத்தைக் குழலில் அப்பிவிடும். அந்தக் குண்டைப் போலித் தோட்டாவாக, அதாவது மருந்தும் பிரைமரும் இல்லாமல் கூட்டில் பொருத்தி, துப்பாக்கி அறையில் தடையில்லாமல் நுழைகிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் சுட்டும் பார்த்த பிறகு பெரிய பேட்சுக்குப் போகலாம்.

படி 3: வார்ப்பு பேட்சைப் பானையும் உடம்பும் தீர்மானிக்கட்டும்

9 கிலோ பானை என்றால் 9 கிலோவும் குண்டாகாது. மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்ததும் நிறுத்துங்கள். அடியில் மிச்சம் இருக்கும் உலோகத்தில் வெப்பம் சீராக நிற்காது, கசடும் அங்கேதான் சேரும். ஆறு கிலோ என்றால் 150 கிரெயின் குண்டு சுமார் 600. அதுவே ஒரு பானையின் இயல்பான பேட்ச்.

இரண்டு குழி அச்சில் நிமிடத்துக்கு மூன்று முறை ஊற்றினால் மணிக்கு 360 குண்டு. ஆறு குழி அச்சில் நிமிடத்துக்கு இரண்டு முறை ஊற்றினாலே 720. ஆக, சிறிய அச்சில் ஒரு பானையைத் தீர்க்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், பெரிய அச்சில் ஒரு மணிக்கும் குறைவு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வார்ப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கை தளர்ந்தால் தாளம் தப்பும். தாளம் தப்பினால் அச்சின் சூடு மாறும், சூடு மாறினால் குண்டும் மாறும்.

இந்தத் தாளம்தான் வார்ப்பின் உயிர். பானையில் உலோகம் 350 முதல் 400 டிகிரிக்குள் இருந்தாலும், குண்டின் தரத்தை முடிவு செய்வது அச்சின் சூடு. அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும், ஓரங்கள் மழுங்கும். அதிகம் சுட்டிருந்தால் மேற்பரப்பு பனி படர்ந்தது போல மங்கும். லேசான மங்கலால் கெடுதல் இல்லை. அது கூடினால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். ஊற்று, எண்ணு, அச்சின் மேல்தட்டில் தேங்கிய மிச்ச ஈயத்தை வெட்டு, திற, கொட்டு, மூடு என்று ஒரே சீராகப் போக வேண்டும். ஒவ்வொரு குண்டையும் எடுத்து ரசித்துக்கொண்டிருந்தால் அதற்குள் அச்சு ஆறிவிடும். ரசிப்பதெல்லாம் கடைசியில்.

நடுவில் கட்டி போட வேண்டி வந்தால் அதோடு அந்த பேட்சை முடித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கட்டி விழுந்ததும் பானையின் வெப்பம் சட்டென்று இறங்கும், மறுபடி நிலைபெறப் பல நிமிடங்கள் ஆகும். அதன்பின் வார்ப்பதை வேறு பெட்டியில், வேறு எண்ணோடு வையுங்கள். தட்டில் வெட்டிய ஈயத் துண்டுகளையும் அவ்வப்போது பானையில் போடாமல் ஒரு தகரத்தில் சேர்த்துவைத்து, அடுத்த பேட்சுக்கு ஆரம்பத்தில் போடலாம். முதல் பத்துப் பதினைந்து ஊற்றலில் விழும் குண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் போட்டுவிடுங்கள். அச்சு சூடேறும் வரை வருவது எதுவும் கணக்கில் இல்லை.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் எதையும் விட முடியாது. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் அமிழ்ந்தால் அது கணத்தில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், பானை முழுக்க மேலே பீறிடும். ஈரக் கட்டி, வியர்வைத் துளி, மழைச் சாரல் எதுவும் பானை அருகே வரக் கூடாது. புதிதாகப் போடும் கட்டிகளைப் பானையின் விளிம்பில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். முகக்கவசம், தோல் கையுறை, பருத்தி முழுக்கை, மூடிய காலணி எல்லாம் கட்டாயம். நல்ல காற்றோட்டமும் வேண்டும். இந்த வெப்பநிலையில் ஈய ஆவியைவிடக் கசட்டில் இருக்கும் தூள்தான் கெட்டது. அதைக் கிளறும்போது பறக்கவிடாதீர்கள், சாப்பிடுவதையும் புகைப்பதையும் அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்ததும் கையைக் கழுவி, உடையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த வேலை வீட்டுக்கு வெளியில்தான்.

படி 4: பிரித்தல், அளவிடுதல், பூசுதல்

ஆறிய குண்டுகளில் சுருக்கம், ஓட்டை, மழுங்கிய அடிப்பாகம் உள்ளவற்றைப் பொறுக்கி எடுங்கள். மூக்கில் சின்ன வடு இருந்தால் பரவாயில்லை. அடிப்பாகத்தில் இருந்தால் பானைக்குத்தான். குண்டு குழலை விட்டு வெளியேறும்போது வாயு கடைசியாகத் தள்ளுவது அந்த அடியைத்தான். அது கோணலாக இருந்தால் குண்டும் விலகிப் போகும்.

எடை பார்த்துப் பிரிப்பது தேவையா? தூரத்து இலக்குக்கான ரைஃபிள் குண்டு என்றால் தேவை. கைத்துப்பாக்கிக்கு, என் கருத்தில், வீண் வேலை. ஒரு விதிவிலக்கு உண்டு. பேட்சில் இருபதை எடைபோட்டுப் பார்க்கும்போது ஒன்றிரண்டு மட்டும் தனியாக லேசாக நின்றால் உள்ளே காற்றுக்குழி இருக்கிறது என்று அர்த்தம். அப்போது முழுவதையும் எடைபோடுங்கள்.

ஆன்டிமனி உள்ள குண்டு வார்த்த பிறகும் சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிக்கொண்டே போகும். அதனால் ஒரு பேட்சில் பாதியை இன்று அளவிடும் டையில் (குண்டைச் சரியான விட்டத்துக்கு நெருக்கும் எஃகு வளையம்) தள்ளிவிட்டு, மீதியை அடுத்த மாதம் தள்ளினால் இரண்டு விட்டம் கிடைக்கலாம். முழு பேட்சையும் ஒரே நாளில் முடியுங்கள். பெட்டியின் மேல் வார்த்த தேதியை எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துச் சோதித்தால் கிடைக்கும் முடிவு நம்பத் தகுந்ததாக இருக்கும்.

பவுடர் கோட்டிங், அதாவது குண்டின் மேல் பொடி பூசி அடுப்பில் சுட்டுப் படியவைப்பது, செய்பவர்களுக்கு இன்னொரு எல்லை உண்டு: அடுப்பின் தட்டு. சுமார் 200 டிகிரியில் 20 நிமிடம் சுடும்போது குண்டுகள் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்க வேண்டும். தட்டில் 200 தான் நிற்கும் என்றால், 600 குண்டுப் பேட்ச் மூன்று தட்டாகப் பிரியும். மூன்றுக்கும் ஒரே நேரம், ஒரே வெப்பம் என்றால் ஒரே பேட்சாகவே வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் போட்டுக் கடினமாக்கிய குண்டை அடுப்பில் சுட்டு மெல்ல ஆறவிட்டால் அந்தக் கடினம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த அடுப்பில் மறுபடி சமையல் கூடவே கூடாது.

படி 5: கூடுகளுக்கு நிரந்தரமான குழு

குண்டு ஒரு முறை போனால் போனதுதான். கூடு திரும்பி வருகிறது, அதனால் அதன் பேட்ச் ஒரு நாள் விஷயம் இல்லை. ஒரே தயாரிப்பாளரின் முத்திரை உள்ள, ஒரே எண்ணிக்கை முறை சுட்ட கூடுகளைக் குழுவாக்கி, கடைசி வரை அந்தக் குழுவாகவே நடத்துங்கள். ரைஃபிளுக்கு 50 அல்லது 100, கைத்துப்பாக்கிக்கு 200 அல்லது 500.

விதி ஒன்றுதான். குழுவில் எல்லாக் கூட்டையும் ஒரு சுற்று சுட்டு முடிக்கும் வரை எதையும் இரண்டாம் சுற்றுக்கு அடைக்காதீர்கள். இல்லையென்றால் சில கூடுகள் இரண்டு முறையும் சில ஆறு முறையும் சுட்டிருக்கும். கழுத்தின் கடினம், நீளம், சுவரின் நிலை எல்லாம் ஆளுக்கொரு விதமாகிவிடும். நீளம் அளந்து வெட்டுவதும் கழுத்தைச் சூடாக்கி மிருதுவாக்குவதும் முழுக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ஒரு கூட்டின் கழுத்தில் விரிசல் கண்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றவற்றை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அது பிளவின் முன்னறிவிப்பு. பலவற்றில் தெரிந்தால் குழுவையே ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

குழுவில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். 100-இல் தொடங்கியது 83-இல் நிற்கும். அதற்காக வேறு கூட்டைச் சேர்த்து நூறாக்காதீர்கள். 83 என்றால் 83.

படி 6: சோதனைப் பேட்ச்

புது மருந்து, புது குண்டு, புது பிரைமர், அல்லது அதே மருந்தின் புது லாட் (தொழிற்சாலையில் ஒரே தடவையில் தயாரான தொகுதி) எதுவாக இருந்தாலும் முதலில் சோதனை. கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து, ஒவ்வொரு படிக்கும் ஐந்து தோட்டா என்று மெல்ல மேலே போக வேண்டும். இங்கே ஐந்து என்பது பாதுகாப்புக்கான எண். கூட்டிலும் பிரைமரிலும் அதிக அழுத்தத்தின் அறிகுறி தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, மேல்படிகளுக்கு அடைத்ததைப் பிரித்துவிடலாம். எண்ணிக்கை சிறிதாக இருந்தால்தான் மனம் வந்து பிரிப்பீர்கள்.

அதே ஐந்தைக் கொண்டு "இதுதான் என் துப்பாக்கிக்கு மிகத் துல்லியமான அளவு" என்று முடிவு கட்டுவது வேறு கதை. ஐந்து தோட்டாவின் வேகத்தில் திட்ட விலக்கம் நொடிக்கு 10 மீட்டர் என்று வந்தால், உண்மையான விலக்கம் 6 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம் (95 சதவீத நம்பகத்தில்). இருபது தோட்டா சுட்டால் இந்த இடைவெளி 7.6 முதல் 14.6 வரை குறுகும். ஆகவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் படிக்கு ஐந்து. அதில் தேறும் ஒன்றிரண்டு அளவை மட்டும் படிக்கு இருபது. அதன் பிறகுதான் பெரிய பேட்ச். மூன்று தோட்டா இலக்கில் அழகாக நெருங்கி விழுந்ததைப் படம் எடுத்து மாட்டுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதை நம்பி 500 அடைப்பவர்களைப் பார்த்தால்தான் கவலை.

மருந்து வாங்கும்போதே பேட்சைக் கணக்கிடுங்கள். 454 கிராம் டப்பாவில் 7,000 கிரெயின். ஒரு தோட்டாவுக்கு 5 கிரெயின் போகும் கைத்துப்பாக்கி என்றால் டப்பா 1,400 தோட்டாவுக்கு வரும். 40 கிரெயின் போகும் ரைஃபிள் என்றால் 175-தான் வரும், சோதனைக்கே கால்வாசி போய்விடும். (இந்த 5, 40 இரண்டும் கணக்குக்காகச் சொன்னவை, அடைக்கும் அளவு அல்ல.) ரைஃபிளுக்கு ஒரே லாட் எண் உள்ள இரண்டு மூன்று டப்பாவைச் சேர்த்து வாங்கினால், சோதித்துக் கண்டதைப் பயன்படுத்த மருந்து மிஞ்சும்.

படி 7: அடைப்பது, ஐம்பது ஐம்பதாக

பிரைமர் நூறு நூறாக வருகிறது. கூடுகளை நிறுத்தும் பலகையில் பெரும்பாலும் 50 குழி. கைத்துப்பாக்கித் தோட்டாப் பெட்டியும் ஐம்பதுதான். இந்த எண்களோடு சண்டை போடாமல் அவற்றையே எல்லையாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் ஒற்றை நிலை பிரஸ்ஸில் ஐம்பது கூட்டுக்கும் பிரைமர் போட்டுப் பலகையில் நிறுத்துங்கள். மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். ஹாப்பரில் (அளவுக் கருவியின் மேலுள்ள மருந்துத் தொட்டி) ஊற்றியதும் டப்பாவையும் பக்கத்திலேயே வையுங்கள், உள்ளே எது இருக்கிறது என்ற சந்தேகம் வராது. அளவுக் கருவியை அமைத்து, முதல் சில அளவுகளைத் திருப்பிக் கொட்டி, எடை நிலைத்ததும் தொடங்குங்கள்.

மருந்து போடாத கூடுகள் தலைகீழாக ஒரு பலகையில். மருந்து போட்டவை நிமிர்ந்து இன்னொரு பலகையில். ஐம்பதும் நிறைந்ததும் ஒரு சின்ன டார்ச்சை மேலே பிடித்து, வரிசை வரிசையாக ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பாருங்கள். ஒன்றில் மட்டும் மட்டம் உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் பக்கத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடும்போது கண்ணில் குத்தும். பார்க்காமல் ஒரு குண்டைக்கூடப் பொருத்தக் கூடாது.

"பத்துக்கு ஒன்று எடைபோட்டுப் பார்க்கிறேனே, அது போதாதா?" போதாது. அது வேறு வகைத் தப்பைத்தான் பிடிக்கும். கருவி மெல்ல மெல்ல விலகிப் போனால் மாதிரி எடை காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்திருந்தால், அந்தக் கூடு மாதிரியில் சிக்கினால்தான் தெரியும். 50 எடுத்துப் பார்த்து ஒன்றில்கூடக் குறை இல்லை என்றாலும், மொத்தத்தில் 6 சதவீதம் வரை குறை இருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் புள்ளியியல் சொல்லும் கணக்கு. இரட்டை அளவுக்கு எதிரான காவல் ஒவ்வொரு கூட்டையும் கண்ணால் பார்ப்பது மட்டுமே.

.38 ஸ்பெஷல் போன்ற பழைய வகைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அது 1898-இல் கரும்மருந்துக்காக வந்த கூடு, உள்ளே இடம் தாராளம். இன்றைய புகையற்ற வேக மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும், இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. கையேட்டில் உள்ளவற்றில் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தைத் தேர்ந்தெடுத்தால், இரட்டை விழும்போது வழிந்து தானே காட்டிக்கொடுக்கும்.

மாதிரி எடையை எத்தனைக்கு ஒரு முறை பார்ப்பது என்பதும் பேட்ச் அளவுதான். பத்துக்கு ஒரு முறை பார்த்து எடை தப்பாக வந்தால், கடைசியாகச் சரியாக இருந்த எடைக்குப் பின் அடைத்த பத்து மட்டும் சந்தேகத்துக்குரியவை. நூறுக்கு ஒரு முறை பார்த்தால் நூறும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடைத்தவை வரிசைப்படி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டால் எது முந்தையது, எது பிந்தையது என்று யாருக்குத் தெரியும்?

கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் ப்ரோக்ரெஸிவ் பிரஸ் வைத்திருப்பவர்கள் நூறை எல்லையாக வையுங்கள். நூறு பிரைமர் போட்டீர்கள், நூறு தோட்டா விழ வேண்டும். 99 விழுந்தால் அந்த ஒன்று எங்கே என்று கண்டுபிடிக்காமல் அடுத்த நூறைத் தொடாதீர்கள். பிரைமர் தரையில் உருண்டிருக்கலாம், பிரைமர் இல்லாத கூட்டில் மருந்து கொட்டியிருக்கலாம். எண்ணிக்கை பொருந்தவில்லை என்பது இயந்திரம் உங்களிடம் பேசும் ஒரே மொழி. ஐந்நூறு முடிந்த பிறகு கேட்டால் அதற்குப் பதில் கிடைக்காது. இயந்திரம் சிக்கி நின்றால், தட்டில் இருக்கும் எல்லாக் கூட்டையும் வெளியே எடுத்து மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். "இதில் போட்டோமா இல்லையா" என்ற கேள்விக்கு ஞாபகத்தில் இருந்து பதில் தேடாதீர்கள்.

கைபேசி அடித்தால், யாராவது கூப்பிட்டால்? கையில் இருக்கும் ஐம்பதை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். சிறிய பேட்சின் பெரிய வசதியே இதுதான். முடிவு எப்போதும் சில நிமிட தூரத்தில் இருக்கும். நடுவில் எழுந்தே ஆக வேண்டும் என்றால் திரும்பி வந்ததும் பலகையில் உள்ள மருந்தையெல்லாம் கொட்டி மறுபடி ஆரம்பியுங்கள். நாள் முடிந்ததும் ஹாப்பரில் இருப்பதை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பி ஊற்றிவிட வேண்டும். விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு அது என்ன மருந்து என்று சத்தியம் செய்ய முடியாது.

படி 8: எண்ணும் சீட்டும்

ஒவ்வொரு அடைத்த பேட்சுக்கும் ஒரு எண். தேதியும் வரிசையும் போதும். பெட்டிக்குள் ஒரு சீட்டு, நோட்டில் ஒரு வரி. வரியில் இருக்க வேண்டியவை: குண்டின் வார்ப்பு எண், கலவை எண், அளவிட்ட விட்டம், கூட்டுக் குழுவும் எத்தனையாவது சுற்று என்பதும், பிரைமரின் பெயரும் லாட்டும், மருந்தின் பெயரும் லாட்டும் எடையும், தோட்டாவின் மொத்த நீளம், எத்தனை அடைத்தது. எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. சீட்டு இல்லாத பெட்டியில் இருக்கும் தோட்டா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பிரிக்க வேண்டியதுதான்.

இரண்டு பேட்சின் மிச்சத்தை ஒரே பெட்டியில் சேர்ப்பது பலர் செய்யும் வேலை. இடம் மிச்சம், ஆனால் அதோடு எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

தப்பு தெரிந்தால்

சுடும்போது "டப்" என்று மெலிந்த சத்தம் வந்து, உதைப்பும் இல்லாமல் போனால் உடனே நிறுத்துங்கள். மருந்தில்லாத தோட்டாவின் பிரைமர் மட்டும் குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்துச் சிறிது நேரம் பொறுத்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, அறைப் பக்கத்தில் இருந்து குழல் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றைக்கு அந்த பேட்ச் முடிந்தது. மீதியை முழுவதும் தனியே எடுத்து வையுங்கள். ஒரு கூட்டில் மருந்து விழவில்லை என்றால் அது பக்கத்துக் கூட்டில் இரண்டாக விழுந்திருக்கலாம். தோட்டாவை எடைபோட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வார்த்த குண்டும் பல தயாரிப்பாளர்களின் கூடுகளும் சேர்ந்தால் எடையில் பல கிரெயின் ஏற்ற இறக்கம் வரும். 4, 5 கிரெயின் மருந்து அதற்குள் ஒளிந்துகொள்ளும். சுத்தியல் போன்ற பிரிப்பான் இருக்கிறது, ஒன்றுக்கு அரை நிமிடம் பிடிக்கும். 40 தோட்டா என்றால் இருபது நிமிடம். 400 என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல், அதற்குள் மணிக்கட்டு போய்விடும். பிரித்த மருந்தைத் திரும்பப் பயன்படுத்த நினைக்காதீர்கள். குண்டு உருகப் போகட்டும், கூடு குழுவுக்குத் திரும்பட்டும்.

எப்போது பெரிதாக்கலாம்

ஒரே அளவில் பத்துப் பேட்ச் எந்தக் குறையும் இல்லாமல் போயிருக்கிறது, நோட்டில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்றால், ஒரு உட்காரலில் ஐம்பதை ஆறு முறை செய்து 300 அடைக்கலாம். அப்போதும் அது 300 தோட்டாப் பேட்ச் அல்ல, ஆறு ஐம்பதுகள். சீட்டில் ஒவ்வொன்றுக்கும் துணை எண் போடுங்கள். வருஷத்துக்கு வேண்டியதை ஒரே வாரத்தில் அடைத்துக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாகங்களாக இருக்கும் வரை திட்டத்தை மாற்றலாம். குண்டு நன்றாகச் சேரவில்லை என்றால் வேறு அச்சு, மருந்து பிடிக்கவில்லை என்றால் வேறு மருந்து. அடைத்துவிட்டால் சுடுவதும் பிரிப்பதும்தான் வழி.

உதிரிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நூறு பிரைமரில் 17 மிஞ்சினால் அவை வந்த அட்டைக்கே திரும்ப வேண்டும், கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைக்கக் கூடாது. மொத்தமாகக் குவிந்த பிரைமரில் ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். பேட்சில் மிஞ்சிய 23 குண்டு அடுத்த பேட்சோடு சேர வேண்டாம், பானைக்குத் திருப்பி அனுப்பலாம். அரைச் சுற்றில் நிற்கும் கூடுகளைப் பையில் போட்டு, எத்தனை பாக்கி என்று மேலே எழுதுங்கள். மருந்து டப்பாவின் அடியில் ஒரு பிடி மட்டும் மிஞ்சி, அது ஐம்பதுக்குப் போதாது என்றால், புது லாட்டைத் திறந்து அதில் கொட்டிக் கலக்காதீர்கள். இருப்பதை வைத்து எத்தனை வருமோ அத்தனையை அடைத்து, 31 என்றால் 31 என்று சீட்டு எழுதி மூடிவிடுங்கள்.